ஏழாம் எண் குழாய்: ஒன்றுக்கொன்று ஒத்துவராத சோதனை முடிவுகளும் அவற்றின் பின்னால் இருந்த பாக்டீரியாவும்

நுண்ணுயிரியல் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கும் பயிற்சிதான் இது. எண் மட்டும் ஒட்டிய ஒரு குழாயைக் கையில் கொடுப்பார்கள், உள்ளே என்ன பாக்டீரியா என்று சொல்ல மாட்டார்கள். அது எதைச் சாப்பிடுகிறது, எதை வெளியே தள்ளுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து நாம்தான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான குழாய்கள் சமத்தாக நடந்துகொள்ளும். ஈ. கோலை கிடைத்த குழு சீக்கிரமே அறிக்கையை முடித்துவிட்டு அடுத்தவர் மேசையை வேடிக்கை பார்க்கப் போய்விடும். ஏழாம் எண் குழாயை எடுத்த நான்கு மாணவர்களுக்கு அந்த யோகம் இல்லை. அவர்களுடைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் சொன்னதை அடுத்த பக்கம் மறுத்தது. ஒரு கட்டத்தில் தவறான பெயரை எழுதி, அதற்கு எல்லாச் சான்றும் பொருந்துகிறது என்று நம்பிக்கையோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தவறான பெயர் ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்தியது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. முதலிலிருந்து சொல்கிறேன்.

தொடக்கம்

குழாயிலிருந்து எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் ஊடகங்களான நியூட்ரியன்ட் அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் கோடிழுத்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தார்கள். (37 டிகிரி என்பது நான் வேண்டுமென்றே சொன்னது. காரணம் பிறகு வரும்.) மறுநாள் நியூட்ரியன்ட் அகாரில் வெளிறிய, வழவழப்பான குடியிருப்புகள் (காலனிகள்). கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பான குட்டைக் கோல்கள். 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் குழைத்து லூப்பை (பாக்டீரியாவை எடுக்கும் கம்பி வளையம்) தூக்கினால் பிசுபிசுவென்று நூல் இழுத்தது, ஆகவே கிராம் நெகட்டிவ் என்பதில் சந்தேகமில்லை. கேட்டலேஸ் பாசிட்டிவ், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டவுடன் நுரைத்தது.

மெக்கான்கியில் குடியிருப்புகள் நிறமற்று இருந்தன. இந்த ஊடகத்தில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ்களைத் தடுத்துவிடும். மீதி உள்ளவற்றில் லாக்டோஸை நொதித்து அமிலம் உண்டாக்குபவை நியூட்ரல் ரெட் சாயத்தால் சிவந்து நிற்கும். நிறமில்லை என்றால் லாக்டோஸ் நெகட்டிவ். குறிப்பேட்டில் அப்படியே எழுதினார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

ஆக்சிடேஸ் தாளில் வந்த ஊதா

அடுத்தது ஆக்சிடேஸ், அந்தப் பெயருள்ள நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வினைபொருளில் நனைத்த வடிதாளில் குடியிருப்பைத் தேய்க்க வேண்டும், பத்து முதல் முப்பது நொடிக்குள் கரு ஊதா வந்தால் பாசிட்டிவ். இவர்களுக்கு நான்கைந்து நொடியிலேயே வந்துவிட்டது. ஆக்சிடேஸ் பாசிட்டிவ், லாக்டோஸ் நெகட்டிவ், கிராம் நெகட்டிவ் கோல். உடனே எல்லார் வாயிலும் சூடோமோனாஸ் என்ற பெயர்தான்.

இந்தச் சோதனை அட்டவணையின் நடுவில் போடும் கோடு மாதிரி. நெகட்டிவ் என்றால் என்டரோபாக்டீரியேல்ஸ் (ஈ. கோலை சேர்ந்த வரிசை) பக்கம், பாசிட்டிவ் என்றால் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், விப்ரியோ பக்கம். (பிளீசியோமோனாஸ் மட்டும் என்டரோபாக்டீரியேல்ஸில் இருந்துகொண்டே பாசிட்டிவ் காட்டும். அதை இங்கே விட்டுவிடலாம்.) இங்கே தவறான பக்கம் போய்விட்டால் அதற்குப் பிறகு செய்யும் எதுவும் உருப்படாது. அதனால்தான் தெரிந்த பாக்டீரியா இரண்டைக் கூடவே வைத்துச் செய்யச் சொல்வது: பாசிட்டிவ் காட்ட வேண்டிய சூடோமோனாஸ் எருஜினோசா, நெகட்டிவ் காட்ட வேண்டிய ஈ. கோலை. குழுவில் ஒரு மாணவி மட்டும் அதைச் செய்தாள். ஈ. கோலையும் ஊதாவானது.

"சார், ஈ. கோலைக்கே ஊதா வருது, வினைபொருள் கெட்டுப்போச்சா?" என்றாள். வினைபொருளில் குறையில்லை. கையிலிருந்த லூப் நைக்ரோம் கம்பி. அதில் உள்ள இரும்பின் மிச்சம், வினைபொருளைத் தானாகவே ஆக்சிஜனேற்றம் செய்து நிறம் கொடுத்துவிடும், பாக்டீரியா தேவையே இல்லை. மரக்குச்சியால் எடுத்து மறுபடி தேய்த்தார்கள். பத்து நொடி, ஒன்றுமில்லை. முப்பது நொடி, ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் கழித்து ஓரத்தில் லேசாக ஊதா படர ஆரம்பித்தது, அது காற்று பட்டதால் வருவது, கணக்கில் சேராது. ஆக, ஆக்சிடேஸ் நெகட்டிவ். குடியிருப்பை நியூட்ரியன்ட் அகாரிலிருந்துதான் எடுக்க வேண்டும், மெக்கான்கியிலிருந்து எடுத்தால் அதன் சாயமும் சர்க்கரையிலிருந்து வந்த அமிலமும் முடிவைக் குழப்பும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

மஞ்சளுக்கு மேல் மஞ்சள்

என்டரோபாக்டீரியேல்ஸ் என்று ஆனபின் டிஎஸ்ஐ (டிரிபிள் சுகர் அயர்ன்) அகார் ஊற்றிய சாய்வுக் குழாய். இருபது மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாய்வும் மஞ்சள், அடியும் மஞ்சள், கருப்பு இல்லை. அதாவது அமிலம் மேல் அமிலம், ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இதன் பொருள் உடனே தெரியும்: "லாக்டோஸ் நொதிப்பான்". ஆனால் மெக்கான்கி இல்லை என்றதே?

குழுவின் முதல் சந்தேகம் மாசு. வேறேதோ கலந்துவிட்டது என்று நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான், அதனால் டிஎஸ்ஐ குழாயிலிருந்தே எடுத்து மெக்கான்கியில் மறுபடி கோடிழுத்தார்கள். ஒரே வகைக் குடியிருப்பு, மறுபடியும் நிறமில்லாமல். மாசு இல்லை. அடுத்தது நேரம். டிஎஸ்ஐயை எட்டு, பத்து மணி நேரத்தில் பார்த்தால் குளுக்கோஸை மட்டும் நொதிக்கும் பாக்டீரியாவும் முழுக்க மஞ்சளாகத்தான் தெரியும். அந்தக் குளுக்கோஸ் தீர்ந்தபின் சாய்வில் காற்றுபடும் இடத்தில் இருப்பவை பெப்டோனை (ஊடகத்தில் உள்ள புரதத் துண்டுகள்) உடைக்க ஆரம்பித்து, காரத்தன்மை வந்து, சாய்வு திரும்பச் சிவக்கும். இருபது மணி நேரம் அதற்குப் போதும். மூடியை இறுக்கித் திருகிவைத்தால் காற்று போகாமல் சாய்வு சிவக்காது, அதையும் பார்த்தோம், மூடி தளர்வாகத்தான் இருந்தது.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஊடகத்தின் பட்டியல்தான். டிஎஸ்ஐயில் குளுக்கோஸ் 0.1%, லாக்டோஸ் 1%, சுக்ரோஸ் 1%. பெயரிலேயே மூன்று சர்க்கரை என்று இருக்கிறது, ஆனாலும் 'அமிலம் மேல் அமிலம்' என்றவுடன் எல்லாரும் லாக்டோஸை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். சாய்வு மஞ்சளாகவே நிற்க லாக்டோஸோ சுக்ரோஸோ இரண்டில் ஒன்று போதும். மெக்கான்கியில் சுக்ரோஸ் கிடையாது. இரண்டு ஊடகமும் வேறு வேறு கேள்வி கேட்டன, பாக்டீரியா இரண்டுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னது.

இதை ஊகமாக விடாமல் ஃபீனால் ரெட் குழம்பில் தனித்தனிச் சர்க்கரையாக, உள்ளே வாயுவைப் பிடிக்கத் தலைகீழ் டர்ஹாம் குழாய் போட்டு வைத்தார்கள். குளுக்கோஸ் மஞ்சள், சுக்ரோஸ் மஞ்சள், லாக்டோஸ் சிவப்பாகவே நின்றது. குளுக்கோஸ் குழம்பின் டர்ஹாம் குழாயில் மேலே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழ். அதை எழுதலாமா வேண்டாமா என்று குழுவுக்குள் வாக்குவாதம் வந்து, கடைசியில் 'வாயு: மிகக் குறைவு' என்று எழுதினார்கள். எழுதியது நல்லதாகப் போயிற்று.

லாக்டோஸ் விவகாரம் இன்னும் முடியவில்லை

குழுவில் ஒருவனுக்கு இது போதவில்லை. லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறதா இல்லையா என்று நேரடியாகப் பார்த்துவிடலாமே என்று ஓஎன்பிஜி சோதனை செய்தான். பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி இருந்தால் நிறமற்ற ஓஎன்பிஜி உடைந்து மஞ்சள் நிற ஆர்த்தோ-நைட்ரோஃபீனால் வெளிவரும். குழாய் பளிச்சென்று மஞ்சளானது. நொதி இருக்கிறது! மெக்கான்கி இல்லை, குழம்பு இல்லை, டிஎஸ்ஐ ஆம், ஓஎன்பிஜி ஆம். இரண்டுக்கு இரண்டு, வாக்கெடுப்பு சமம் என்றான் ஒருவன்.

வாக்கெடுப்பால் தீர்க்கிற விஷயம் இல்லை இது. லாக்டோஸ் நொதித்தலுக்கு முதலில் லாக்டோஸ் செல்லுக்குள் போக வேண்டும், அதற்குப் பெர்மியேஸ் என்ற புரதம் தேவை. உள்ளே போனபின்தான் பீட்டா-கேலக்டோசிடேஸ் அதை வெட்டும். சமையல்காரர் உள்ளே தயாராக இருக்கிறார், அரிசி மூட்டை வாசலைத் தாண்டவில்லை என்கிற நிலைமை இது. ஓஎன்பிஜி சிறிய மூலக்கூறு, பெர்மியேஸ் இல்லாமலே நுழைந்துவிடும், அதனால் நொதி இருப்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கிறது. மெக்கான்கியோ நுழைவு, வெட்டு, அமிலம் என்று முழு வேலையும் நடந்ததா என்று பார்க்கிறது. லாக்டோஸ் நெகட்டிவாகவும் ஓஎன்பிஜி பாசிட்டிவாகவும் ஒரே பாக்டீரியா இருப்பதில் முரண் எதுவும் இல்லை, சொல்லப்போனால் அந்தச் சேர்க்கையே ஒரு துப்பு.

ஆனால் குழு அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 'மெதுவாக நொதிக்கும் லாக்டோஸ் பாசிட்டிவ்' என்று எழுதிவிட்டு மேலே போனார்கள். இந்த ஒரு வரிதான் அவர்களைத் தவறான பெயருக்குக் கொண்டுபோனது.

இண்டோல் முதல் சிட்ரேட் வரை

நான்கு சோதனைத் தொகுப்பில் மூன்று சுலபம். இண்டோல் நெகட்டிவ், கோவாக்ஸ் வினைபொருள் மஞ்சளாகவே மிதந்தது. சிம்மன்ஸ் சிட்ரேட் பச்சையிலிருந்து நல்ல நீலத்துக்கு மாறியது, பாசிட்டிவ். வோகஸ்-புரோஸ்கவர் பாசிட்டிவ். 1898-இலேயே கவனிக்கப்பட்ட வினை இது, ஆனால் இன்று நாம் செய்கிற முறை 1936-இல் பாரிட் ஆல்ஃபா-நாஃப்தால் சேர்த்தபிறகு வந்தது. முதலில் ஆல்ஃபா-நாஃப்தால், பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அப்புறம் நன்றாகக் குலுக்க வேண்டும். இவர்கள் குலுக்காமல் வைத்திருந்தார்கள், மேற்பரப்பில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தது. அசிட்டோயின் காற்றுபட்டு டைஅசிட்டைலாக மாறினால்தான் நிறம் வரும் என்பதால், குலுக்கிக் கால் மணி நேரம் விட்டபின் குழாய் முழுக்கச் சிவந்தது.

மெத்தில் ரெட் மட்டும் தகராறு. ஒரு நாள் கழித்துச் சோதித்தபோது சிவப்பு, பாசிட்டிவ். மெத்தில் ரெட்டும் வோகஸ்-புரோஸ்கவரும் பொதுவாக எதிரெதிர், ஈ. கோலை குளுக்கோஸைப் பல அமிலங்களாக்கிக் கொட்டும், என்டரோபாக்டர் மாதிரியானவை அமிலத்தின் ஒரு பகுதியை அசிட்டோயின், பியூட்டேன்டையால் என்று நடுநிலைப் பொருள்களாக மாற்றிவிடும். ஒரே பாக்டீரியா இரண்டும் பாசிட்டிவ் என்றால் யோசிக்க வேண்டும். யோசித்தால் விடை நேரத்தில் இருக்கிறது. பியூட்டேன்டையால் வழியில் போகிறவையும் முதலில் அமிலத்தைத்தான் உண்டாக்கும், பிறகுதான் வழி மாறும். மெத்தில் ரெட் சுமார் 4.4 பிஹெச்சுக்குக் கீழே சிவப்பு, 6.2க்கு மேலே மஞ்சள்; இந்தக் கோட்டை எந்த நாளில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதனால்தான் குறைந்தது 48 மணி நேரம் என்பது விதி. மீதி குழம்பை இன்னொரு நாள் வைத்துச் செய்தபோது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், நெகட்டிவ்.

அழகாகப் பொருந்திய தவறான பெயர்

நகரும் தன்மை பாசிட்டிவ். அரைத்திண்ம அகாரில் குத்திய கோட்டிலிருந்து மங்கலாகப் பரவியிருந்தது. யூரியேஸ் நெகட்டிவ். மோலர் ஊடகத்தில் லைசினும் ஆர்னிதினும் ஊதா, ஆர்ஜினின் மஞ்சள், அமினோ அமிலம் இல்லாத கட்டுப்பாட்டுக் குழாயும் மஞ்சள். இந்தக் கடைசிக் குழாய் இல்லாமல் மற்ற மூன்றையும் படிக்கவே கூடாது. முதலில் குளுக்கோஸால் எல்லாமே மஞ்சளாகும், அந்த அமிலச் சூழலில்தான் டிகார்பாக்சிலேஸ் வேலை செய்து காடவரினும் புட்ரெசினும் உண்டாக்கி ஊதாவுக்குத் திருப்பும். கட்டுப்பாட்டுக் குழாய் மஞ்சளாக நின்றால்தான் அந்த ஊதாவுக்குப் பொருள் உண்டு. மேலே எண்ணெய் ஊற்றுவதும் இதற்காகத்தான், காற்று போனால் பெப்டோனை உடைத்தே காரம் வந்துவிடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். லாக்டோஸ் 'மெதுவாகப் பாசிட்டிவ்', சுக்ரோஸ் பாசிட்டிவ், இண்டோல் நெகட்டிவ், மெத்தில் ரெட் நெகட்டிவ், வோகஸ்-புரோஸ்கவர் பாசிட்டிவ், சிட்ரேட் பாசிட்டிவ், நகரும், யூரியேஸ் நெகட்டிவ், லைசின் பாசிட்டிவ், ஆர்னிதின் பாசிட்டிவ், ஆர்ஜினின் நெகட்டிவ். அறிக்கையில் அவர்கள் எழுதியது என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ். 2017-இல் அதை கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் அட்டவணை பழையது, அது வேறு விஷயம். பெயர் பழசோ புதுசோ, வரிக்கு வரி பொருந்தியது. ஒரு முடிச்சும் இல்லை. கிளைபிரியும் திறவுகோலைப் பிடித்துக்கொண்டு 'லாக்டோஸ்: ஆம்' என்ற கிளையில் இறங்கினால் இங்கேதான் வந்து நிற்போம், ஏனென்றால் அந்த முறையில் ஒரு கிளையில் தவறினால் திரும்பி வர வழி கிடையாது.

பொருந்தாத ஒன்று இருந்தது, அவர்கள் எழுதிவைத்த அந்தக் குட்டிக் குமிழ். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் குளுக்கோஸிலிருந்து டர்ஹாம் குழாயில் தாராளமாக வாயு சேர்க்கும். குண்டூசித் தலை அளவெல்லாம் அதற்குக் குறைச்சல். அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து அந்த வரியின் கீழ் மட்டும் கோடு போட்டேன்.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் சரியான வேலை. ஆம், இல்லை என்று பார்ப்பதை விட்டு, இனத்துக்கு எத்தனை சதவீத வகையங்கள் பாசிட்டிவ் என்று சொல்லும் அட்டவணையை எடுத்தார்கள். லாக்டோஸை மெக்கான்கியும் குழம்பும் சொன்னபடி நெகட்டிவ் என்றே வைத்துப் பார்த்தால் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் மளமளவென்று கீழே இறங்குகிறது, ஏனென்றால் அதில் லாக்டோஸ் நெகட்டிவ் மிக அரிது. மேலே ஏறுவது செராஷியா மார்செசென்ஸ்: லாக்டோஸ் நூற்றில் ஓரிரண்டு மட்டுமே பாசிட்டிவ், ஆனால் ஓஎன்பிஜி பெரும்பாலும் பாசிட்டிவ், சுக்ரோஸ் கிட்டத்தட்ட எல்லாமே பாசிட்டிவ், வாயு வந்தாலும் கொஞ்சம்தான். மெத்தில் ரெட் அதில் ஐந்தில் ஒன்று பாசிட்டிவாகவே வரும், அப்படிப்பட்ட சோதனைக்கு எடை குறைவு, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது வீண் என்பதும் அந்த அட்டவணையைப் பார்த்தால்தான் புரியும்.

இரண்டு பெயரையும் பிரிக்க எது சிறந்த சோதனை என்று அவர்களே தேடி மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவது டிஎன்ஏஸ்: டிஎன்ஏ கலந்த அகாரில் வளர்த்து மேலே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் உடையாத டிஎன்ஏ வெள்ளையாகப் படிந்து தட்டு முழுக்க மங்கிவிடும், உடைத்த இடம் மட்டும் தெளிவாக நிற்கும். வளர்ச்சியைச் சுற்றி விரல் நகம் அகலத்துக்குத் தெளிந்த வளையம். ஜெலட்டின் குழாயைப் பனிநீரில் அரை மணி நேரம் வைத்த பிறகும் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. ஜெலட்டின் சாதாரண வெப்பத்திலேயே இளகிவிடும் என்பதால் குளிரவைக்காமல் படிக்கக் கூடாது. அராபினோஸ் குழம்பு சிவப்பு, நெகட்டிவ். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸாக இருந்தால் அராபினோஸ் பாசிட்டிவாகவும் டிஎன்ஏஸ் நெகட்டிவாகவும் வர வேண்டும். செராஷியா லிக்விஃபேசியென்ஸும் அராபினோஸை நொதிக்கும், ஆக அதுவும் விலகியது. மீதி ஒரே பெயர்.

நிறம்

இப்போது அந்த 37 டிகிரிக்கு வருகிறேன். செராஷியா மார்செசென்ஸின் பல வகையங்கள் 25 முதல் 30 டிகிரியில் புரோடிஜியோசின் என்ற ரத்தச் சிவப்பு நிறமியைத் தயாரிக்கும், 37இல் தயாரிக்காது. அறை வெப்பத்தில் கொடுத்திருந்தால் குழாயைப் பார்த்தவுடனேயே பெயரைச் சொல்லியிருப்பார்கள். 1819-இல் இத்தாலியில் பார்த்தோலோமியோ பிசியோ இதைக் கண்டறிந்ததே, மக்காச்சோளக் கூழ் ரத்தம் கசிவதுபோலச் சிவந்து மக்கள் பயந்ததால்தான்.

அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு நியூட்ரியன்ட் அகார் தட்டை வெளியே வைக்கச் சொன்னேன், குடியிருப்புகள் சிவந்தன. இதை அறிக்கையில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்க்கலாம், ஆனால் ஆதாரங்களின் வரிசையில் கடைசியாக. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கும் வகையங்களில் பெரும்பாலானவை நிறமற்றவை, அவையும் இதே இனம்தான். செராஷியா ரூபிடியா, பிளைமுத்திகா இரண்டும் சிவப்பாக வரலாம், ஆனால் அவை வேறு இனம், அவற்றை அராபினோஸ் பிரிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நிறத்தைப் பார்த்து எங்கே பரவுகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்பதால் இந்தப் பாக்டீரியாவை ஒரு காலத்தில் தீங்கற்றது என்று நம்பி விளக்கச் சோதனைகளில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். மருத்துவமனைத் தொற்றுகளில் அதன் பங்கு தெரிந்தபிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. வகுப்பில் கையாளும்போது கையுறை, கண்ணாடி, வேலை முடிந்ததும் எல்லாக் குழாயும் ஆட்டோகிளேவுக்கு. இதில் சலுகை கிடையாது.

அறிக்கையின் கடைசி வடிவத்தில் 'செராஷியா மார்செசென்ஸ்' என்று எழுதி, மிக நெருங்கிய சில உறவு இனங்களை இந்தச் சோதனைகளால் விலக்க முடியாது, அதற்கு மரபணு வரிசை வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அடுத்த தொகுதிக்கு நான் செய்த மாற்றம் இரண்டு. ஆக்சிடேஸ் மேசையிலிருந்து நைக்ரோம் லூப்புகளை எடுத்துவிட்டு மரக்குச்சிக் கட்டு வைத்தேன். டிஎஸ்ஐயோடு சேர்த்து, சுக்ரோஸ் இல்லாத கிளிக்லர் இரும்பு அகாரும் ஒரு குழாய் கொடுக்கிறேன். ஏழாம் எண் அதில் சிவப்புச் சாய்வும் மஞ்சள் அடியுமாக நிற்கும், பக்கத்திலேயே டிஎஸ்ஐ முழுக்க மஞ்சளாக இருக்கும். ஏன் என்று நான் சொல்வதில்லை.